பூவோடு போன பிள்ளையார்

எங்கள் தெரு செல்வி டவுன்ஷிப்பில் நாலு குவார்ட்டர்ஸில் வேலை செய்கிறாள். ஸ்கூட்டியில் போய் ஸ்கூட்டியில் வருகிறாள். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதில் அவளுக்கு ஏதோ பொறுப்பு. சங்கத்தில் ஆண்டு மலர் என்று ஒரு புத்தகம் போடுகிறார்கள், பழைய ஆள் ஒருத்தி அனுபவம் எழுத வேண்டும் என்று வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கு இன்னாடி அனுபவம்? பாத்திரம் தேச்சேன். அது மறுநாளும் அழுக்காச்சி, மறுபடியும் தேச்சேன்" என்றேன்.

"அதையே எழுது பெரிம்மா."

"அது ஒரு வரிதான் வரும்."

அவள் எழுந்து போகிறவள், வாசலில் நின்று சொன்னாள். புதிதாகச் சேர்ந்த வீட்டில் ஒரு பெட்டியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் வைத்திருக்கிறார்களாம். தொடாதே, தூசி தட்டாதே, பக்கத்தில் துடைப்பம் போகக்கூடாது என்று அந்த அம்மா போனிலேயே எழுதி அனுப்பியிருக்கிறாராம். "கூழாங்கல்லுக்கு இன்னாத்துக்கு பெரிம்மா இவ்ளோ பந்தா?" என்று கேட்டாள்.

கூழாங்கல் என்றதும் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். "உக்காருடி. கல்லுல எனக்கு சர்வீஸ் இருக்கு" என்றேன். அதைத்தான் எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாங்கிளாஸ். தப்பு இருந்தால் செல்வியைத் திட்டவும்.

கரி வெட்ட எங்கள் ஊரை நெய்வேலி மைன்ஸுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஊரையே காலி பண்ணிக்கொண்டு மந்தாரக்குப்பம் பக்கம் வந்து குடிசை போட்டோம். வீட்டுக்காரர் காண்ட்ராக்டில் மண் வேலைக்குப் போனார். எனக்குக் குவார்ட்டர்ஸில் ஒரு வீடு சொல்லிவிட்டார்கள். முதல் நாள் போய் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். கூப்பிட வேண்டும். வாய் வரவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், குரல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டு யாரையோ பார்த்து வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விடும். வெயில் ஏறும்வரை நின்றேன். அந்த வீட்டு மாமி, யாரோ முருங்கை மர நிழலுக்கு ஒதுங்கியிருக்கிறாள் என்று நினைத்து ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாளும் போய் நின்றேன். மறுநாளும் மோர். அதற்கப்புறம்தான் மாமிக்கே சந்தேகம் வந்து, "நீ வேலைக்கு வந்தவளா, மோருக்கு வந்தவளா?" என்று கேட்டார். இப்படி வேலையில் சேர்ந்தவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எல்லாரும் அவரை மாமி என்பார்கள். நான் அம்மா என்பேன், கூப்பிட்டால். அவருடைய வீட்டுக்காரர் மைன்ஸில் இஞ்சினீயர். தண்ணீர் இறைக்கிற பம்புகளெல்லாம் அவர் பொறுப்பில். பம்பு நின்றால் குழிக்குள் ஊற்று ஏறிவிடும். அதனால் ஐயா வீட்டில் இருக்கும்போதும் காது மைன்ஸில் இருக்கும். பேச்சு கிடையாது. நான் வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசியது ஒரே ஒரு தடவை. அது கடைசியில் வரும்.

மாமி அப்படி இல்லை. ஓயாமல் பேசுவார், ஆனால் என்னைப் பார்த்துப் பேசமாட்டார், பாத்திரத்தைப் பார்த்துப் பேசுவார். வெண்கலப் பானையின் அடியில் கரி இருந்தால், "ஏண்டாப்பா வெண்கலப் பானை, உனக்கு அடிப்பக்கம் இருக்குன்னே பச்சையம்மாவுக்குத் தெரியாது போலருக்கே" என்பார். நான் நேரம் கழித்து வந்தால் துடைப்பத்தைப் பார்த்து, "வா வா, உன் எஜமானி வந்தாச்சு, எழுந்துக்கோ" என்பார். திட்டு எனக்கு, பேச்சு வாங்குவது துடைப்பம். எனக்கு இது ரொம்ப சௌகரியம். துடைப்பம் பதில் சொல்லவேண்டியதில்லை, நானும் சொல்லவேண்டியதில்லை.

அந்தக் குவார்ட்டர்ஸில் பூஜை ரூம் என்று தனியாக இல்லை. கூடத்து மூலையில் ஒரு மரப்பெட்டி, அதைச் சுற்றி மாக்கோலத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு உள்ளே நான் போகக்கூடாது. அது எனக்குத் தெரிந்ததுதான். மாமியும் கோட்டுக்கு உள்ளே போவார், பெருக்குவார், விளக்கு ஏற்றுவார், ஆனால் பெட்டிக்குள் இருப்பதைத் தொடமாட்டார் என்பது எனக்குப் போகப்போகத்தான் தெரிந்தது. பெண்கள் தொடக்கூடாதாம். ஐயா மட்டும்தான் தொடுவார்.

பெட்டிக்குள் ஐந்து கல். முதல் தடவை எட்டிப் பார்த்தபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பிள்ளைகள் ஐந்தாங்கல் ஆடுகிற கல்லை இவ்வளவு பத்திரமாகப் பட்டில் சுற்றி வைத்திருக்கிறார்களே, பாவம் குழந்தை இல்லாத வீடு என்று நினைத்தேன். மாமிதான் வாசலில் துளசிச் செடியைப் பார்த்து எனக்குப் பாடம் எடுத்தார். கறுப்பாக ஓட்டையோடு இருப்பது சாளக்கிராமம், அது பெருமாள். முட்டை மாதிரி வழவழவென்று இருப்பது பாணம், அது சிவன். படிகம் சூரியன். பொன்னிறக் கோடு ஓடுவது அம்பாள். சிவப்பாக, அரை நெல்லிக்காய் அளவில் இருப்பது பிள்ளையார், வடக்கே சோணை நதியில் கிடைத்தது. ஐந்தும் ஐயாவின் அப்பா கொடுத்தது, அவருக்கு அவர் அப்பா. விலைக்கு வாங்கக்கூடாது, விற்கக்கூடாது. சிற்பி செதுக்கவேண்டாம், மந்திரம் சொல்லி உயிர் கொடுக்கவேண்டாம், தானாகவே சாமி. உடைந்தாலும் சாமிதான். ஒன்றே ஒன்றுதான், பட்டினி போடக்கூடாது. ஒரு நாள் தவறாமல் குளிப்பாட்டி, ஒரு பருக்கை சோறாவது காட்டவேண்டும். அது ஆனபிறகுதான் ஐயா வாயில் காப்பி படும். ஐயா சாப்பிட்டபிறகுதான் மாமி. மாமி சாப்பிட்டபிறகுதான் எனக்கு வைத்திருக்கும் பழையது. ஆக, அந்த வீட்டில் ஐந்து கல் சாப்பிட்டால்தான் மூன்று ஜனம் சாப்பிடும்.

இதற்கு நடுவில் ஷிப்ட். சாமிக்கு எது நேரம் என்று பஞ்சாங்கம் ஒன்று சொல்லும், மைன்ஸ் சங்கு ஒன்று சொல்லும். காலை ஷிப்ட் வாரத்தில் ஐயா விடிவதற்கு முன்னாலேயே பூஜையை முடித்துவிட்டுப் போகவேண்டும். அதனால் முதல் நாள் சாயங்காலமே பழைய பூவையெல்லாம் களைந்து தாம்பாளத்தில் போட்டுவிடுவார். கல்லைப் பட்டில் சுற்றி வைத்துவிடுவார். களைந்த பூவை நான் எடுத்துக்கொண்டு போய்க் கால் படாத இடத்தில் போடவேண்டும். கொல்லைப் புங்க மரத்தடியில் போடுவேன்.

இப்போது எங்கள் வீட்டுச் சாமியைச் சொல்லவேண்டும். எங்களுக்குப் பூவாடைக்காரி. குடும்பத்தில் பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண்களைக் கல்லாக நிறுத்தி வீட்டுக்குள்ளேயே கும்பிடுவோம். எங்கள் வீட்டில் மூன்று கல். மூன்றாவது கல் என் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, கூடப்பிறந்த தங்கச்சி. அத்தையின் கொழுந்தனுக்கே வாக்கப்பட்டு இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். சின்ன வயதில் போய்விட்டாள். சின்னவ என்றுதான் அத்தை சொல்வார்கள். ஊரைக் காலி பண்ணி வண்டியில் சாமான் ஏற்றியபோது மூன்று கல்லையும் நெல்லில் புதைத்துக் கொண்டுவந்தோம். வந்து கொட்டிப் பார்த்தால் இரண்டுதான். வண்டியில் விழுந்ததா, ஊரிலேயே விட்டோமா தெரியாது. அத்தை திரும்பிப் போய்த் தேடுவதற்கு ஊர் இல்லை, எந்திரம் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அத்தை மூன்றாவது இடத்தைக் காலியாகவே விட்டு மெழுகுவார்கள்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூவாடைக்காரிக்குக் கூழும் கருவாட்டுக் குழம்பும் படைக்கவேண்டும். புதுக்குடிசையைச் சுற்றிச் சரளைதான், ஒரு பூச்செடி வரவில்லை. "ஏ பச்ச, அந்த ஐயர் வூட்ல பூவ மரத்தடியில கொட்டிக்கினு கெடக்கியே, அத எடுத்துக்கினு வாயேன்" என்றார்கள் அத்தை. மாமியிடம் கேட்டேன். என் வாழ்க்கையில் நானாக வாயைத் திறந்து கேட்ட முதல் விஷயம் அது. மாமி தாம்பாளத்தைப் பார்த்து, "கால் படாத இடம்னா எதுவானா என்ன, போய்ட்டு வா" என்றார். சாயங்காலம் செவ்வரளியும் அருகம்புல்லுமாக இலையில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். அத்தை கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மாடத்தில் கல்லுக்கெல்லாம் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூவுக்குள் முகமே தெரியாமல் எல்லாம் ஆகிவிட்டது. காலையிலேயே நான் வைத்த குழம்பு. படைக்கிற குழம்பை ருசி பார்க்கக்கூடாது என்பதால் என் கைக்குத் தோன்றிய உப்பைப் போட்டிருந்தேன். என் கைக்கு எப்போதுமே கொஞ்சம் தாராளம். சாமி ஒன்றும் சொல்லவில்லை. மனுஷர்கள்தான் அன்று ராத்திரி குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார்கள்.

மறுநாள் காலை நான் போனபோது வீடு வீடாக இல்லை. ஐயா விடியலில் பட்டைப் பிரித்திருக்கிறார், நாலு கல்தான் இருந்திருக்கிறது. பிள்ளையார் இல்லை. மற்ற சாமி யாராவது காணாமல் போயிருந்தால்கூட ஆரம்பித்திருக்கலாம். போனது ஆரம்பிக்கிற சாமி. மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்துப் பூஜை பண்ணிவிடுங்கள் என்று மாமி சொல்லியிருக்கிறார். ஐயா கேட்கவில்லை. "குழந்தை எங்கேயோ பட்டினியா கிடக்கு, நான் எப்படி வாயில வைப்பேன்" என்று சொல்லிவிட்டு, சங்கு ஊதவும், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஷிப்டுக்குப் போய்விட்டார். அவருக்கு வயிற்றுப் புண். டாக்டர் வெறும் வயிற்றோடு இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். குழியிலே மயக்கம் போட்டு விழுந்தால் என்ன ஆவது என்று மாமி முகம் வெளுத்துப்போய் நின்றார். அன்றைக்கு மாமி பாத்திரத்தோடு பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பூவோட போயிருக்கும். புங்க மரத்தடியில பாரு" என்றார் என்னைப் பார்த்தே.

இங்கேதான் என் புத்திசாலித்தனத்தைக் கேட்கவேண்டும். நேற்றுப் பூ மரத்தடிக்குப் போகவில்லை, என் வீட்டுக்குப் போனது. மாமிதான் அனுமதி கொடுத்தார், பதற்றத்தில் அவருக்கு அது மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. வார்த்தை தொண்டைக்கு வந்தது, மாமி முகத்தைப் பார்த்தது, திரும்பிப் போய்விட்டது. நான் முறத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்து தேட ஆரம்பித்துவிட்டேன்!

நெய்வேலி மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தோண்டின இடமெல்லாம் செம்மண், செஞ்சரளை. அரை நெல்லிக்காய் அளவில் சிவப்புக் கல் வேண்டும் என்றால் எங்கள் ஊரில் லாரி லாரியாகக் கிடைக்கும். நான் பொறுக்கப் பொறுக்க முறம் நிறைந்தது. மாமி ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதுவாக இருக்குமோ, இல்லை அதுவா, இது கொஞ்சம் தொந்தி மாதிரி இருக்கு என்று அவருக்கே குழம்பிப்போனது. கடைசியில் முறத்தை அப்படியே பார்த்துவிட்டு, "இத்தனை பிள்ளையாருக்கு யார் கொழுக்கட்டை பண்றது" என்று சொல்லிவிட்டுச் சமையற்கட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் வாயும் கேட்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் குழாயடிக்குப் போய்ப் பழக்கதோஷத்தில் ஒரு சொம்பை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே, என்னையறியாமல், சொம்பைப் பார்த்துச் சொன்னேன்.

"ஏ சொம்பே, நேத்து பூவு மரத்தடிக்குப் போவல. எங்க வூட்டுக்கில்ல போச்சி. அம்மா ரோசன பண்ணி எடுத்துக்கினு போன்னு சொன்னாங்களே, உனக்கு நெனப்பு இல்ல?"

பின்னால் படியில் வளையல் சத்தம். அப்புறம் மாமி குரல். அவரும் சொம்பைப் பார்த்துத்தான் சொன்னார்.

"சொம்பே, அந்த அசடை ஓடச் சொல்லு!"

ஓடினேன். எங்கள் வீட்டில் அத்தை மாடத்துக்கு எதிரில் உட்கார்ந்து நேற்றைய கூழை மோர் விட்டுக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம்.

"பச்ச, உனக்குச் சொல்லவே இல்ல பாரு. சின்னவ வந்துட்டா."

மாடத்தில் மூன்று கல். மூன்றாவது சின்னதாக, மஞ்சளுக்கு அடியில் சிவப்பாக.

"நேத்து பூவ இலையிலேர்ந்து பிரிக்கிறேன், பூவுக்குள்ள உக்காந்துக்கினு இருக்கா. பூவாடைக்காரி பூவுலதானே வருவா?"

"அத்தே, சின்னம்மா கறுப்புக் கல்லாச்சே."

"இத்தினி நாளு வெயில்ல அலஞ்சிருக்கா, செவந்துபூட்டா."

"இம்மாம் பெருசு இருந்துது, இது இத்தினியூண்டு இருக்குதே."

"சோறு தண்ணி இல்லாம எளச்சிருக்கா."

அத்தையோடு வாயாட யாராலும் முடியாது. என்னால் எப்படி முடியும்? இது ஐயர் வீட்டுப் பிள்ளையார், அங்கே ஒரு மனுஷன் இதற்காகப் பட்டினி கிடக்கிறார் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அத்தை கரைத்த கூழைக் கீழே வைத்தார்கள்.

"படையல் போட்டாச்சி. ஒரு தடவ படையல் வாங்குன கல்ல நாமளா எடுக்கக்கூடாது. அவகிட்ட பூ கேக்கணும்."

பூ கேட்பது என்றால், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் மடித்துப் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் போகிறேன், சிவப்பு வந்தால் இருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு என்னை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். சிவப்பு. என் கைராசி உப்பில் மட்டும் இல்லை, இதிலும் அப்படித்தான்.

"பாத்தியா" என்றார்கள் அத்தை.

எனக்கு ஐயா வயிறு ஞாபகம் வந்தது. மாமி படியில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அந்த வேலை போனால் வேறு எந்தக் கேட்டில் போய் நிற்பது என்பதும் ஞாபகம் வந்தது. அத்தையைப் பார்த்தால் பேச்சு வராது. மாடத்தைப் பார்த்தேன். கல்லைப் பார்த்து, சத்தமாகவே கேட்டேன்.

"ஏ புள்ளையாரே, நீ அசைவம் தொடாத சாமியாச்சே. நீ இங்கியே இருந்துட்டன்னா இந்த வூட்ல இனிமே எப்பிடிக் கருவாடு சமைக்கிறது?"

அத்தை திரும்பினார்கள்.

"இன்னாது?"

"ஆமா அத்தே. அங்க வெங்காயம்கூடக் காட்டமாட்டாங்க. மாடத்துல சைவ சாமி குந்தியிருந்தா அதுங்கண்ணு முன்னால நாம எப்பிடிக் கருவாட்டுச் சட்டிய எறக்குறது? ஆடிக்கு ஆடி சக்கரப் பொங்கல்தான். பெரியவங்க ரெண்டு பேரும்கூட இனிமே அதத்தான் துன்னணும்."

அத்தைக்குக் கருவாடு என்றால் உயிர். அதைவிட, சின்னவளுக்குக் கருவாடு என்றால் உயிர், கருவாட்டுத் தலைக்கு அக்காளும் தங்கச்சியும் சண்டை போட்டுக்கொண்ட கதையை அத்தை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். அத்தை கல்லைப் பார்த்தார்கள், அடுப்பைப் பார்த்தார்கள்.

"நேத்து வெச்ச படையல அது துன்னுச்சா?"

"எனக்கு எப்பிடித் தெரியும் அத்தே?"

"சின்னவளா இருந்தா தலைய உட்ருக்கமாட்டா. காலையில பாத்தன், தல அப்பிடியே கெடந்துது." அத்தை மெதுவாகச் சொன்னார்கள். அப்புறம் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? இன்னொரு வாட்டி கேப்போம். கேக்குற மாதிரி கேட்டாத்தான் சாமி சொல்லும்" என்றார்கள்.

இந்தத் தடவை பொட்டலம் மடிக்கும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மடித்தார்கள். எடுத்தேன். வெள்ளை. இன்னொரு பொட்டலத்தில் என்ன பூ இருந்தது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. அத்தையும் பிரிக்கவில்லை, அப்படியே அடுப்பில் போட்டுவிட்டார்கள். கல்லை அவர்களே எடுத்துத் தண்ணீரில் கழுவி, என் முந்தானையில் வைத்து முடிந்துவிட்டார்கள். காலியான இடத்தை உடனே மெழுகினார்கள். நான் கிளம்பும்போது அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

குவார்ட்டர்ஸ் வாசலில் மாமியும் நானும் எதிரெதிரே நின்றோம். முந்தானையில் பிள்ளையார். அவர் தொடக்கூடாது, நான் தொடக்கூடாது, ஐயா இன்னும் வரவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முழித்தோம். அப்புறம் மாமி துளசி மாடத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். கையே படாமல் முடிச்சை அதற்குள் தளர்த்தச் சொன்னார். பிள்ளையார் குதித்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். பூஜை பண்ண ஆள் இல்லாத நேரத்தில் தண்ணீருக்குள் இருந்தால் தோஷம் இல்லையாம்.

அதற்கப்புறம் மாமி கேட்டார். நான் கேட்கவேண்டாம் என்று வேண்டிக்கொண்டிருந்த கேள்வி.

"உங்காத்துல ராத்திரி அதுக்கு ஏதானும் காட்டினேளா?"

தலையை ஆட்டினேன்.

"என்ன?"

சொன்னேன். கேட்கவில்லை என்றார். மறுபடி சொன்னேன். "இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லு" என்றார். வாழ்க்கையில் நான் கத்திச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

"கருவாட்டுக் கொழம்பும்மா!"

அந்த நேரம் பார்த்து ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைகிறார். முகம் சாம்பல். நடை தள்ளாடுகிறது. சைக்கிள் அப்படியே நின்றது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜன்னல்கூடத் திறந்தது. எனக்கு அந்தத் துளசி மாடத்துக்குள்ளேயே புதைந்துபோகலாம் போலிருந்தது.

மாமி படபடவென்று எல்லாவற்றையும் சொன்னார். பூவோடு போனது, எங்கள் மாடம், படையல். "என்ன பண்ணணும், தீட்டுக்குப் புண்யாகவாசனம் பண்ணணுமா, யாரையாவது கேக்கணுமா? கருவாடுன்னா, கருவாடு!" என்று கையைப் பிசைந்தார்.

ஐயா குழாயடியில் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்தார். கிண்ணத்துக்குள் கையை விட்டுக் கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பு என்று எனக்குப் புரியவே நேரம் ஆனது.

"ஆத்துல கிடந்த கல்லு. எத்தனை காலம் மீனோட குடித்தனம் பண்ணித்தோ. இப்ப ஒரு வேளைதானே" என்றார் மாமியிடம். "குழந்தை பட்டினியா இருக்கான்னு நான்தான் பட்டினி கிடந்தேன். அவன் விருந்து சாப்ட்டுட்டு வந்திருக்கான். எனக்குப் பசிக்கறது, இலை போடு."

பூஜை ஆனது. ஐயா சாப்பிட்டார். மாமி சாப்பிட்டார். சாயங்காலத்துக்கு மேல் எனக்கும் சோறு வந்தது. மாமி கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு பெட்டியைப் பார்த்து, "ஏண்டாப்பா, உப்பு எப்படி இருந்தது?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. பதில் எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

வேலை போகவில்லை. அதற்கப்புறம் பூவை எடுத்துக்கொண்டு போக மாமியே சொல்வார். ஆனால் ஒவ்வொரு பூவையும் உதறி, ஒவ்வொரு அருகம்புல்லையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் என் இலையில் போடுவார். செல்வி, உனக்கும் நான் சொல்வது அதுதான். கல்லை ஏன் தொடக்கூடாது என்று எனக்குத் தெரியாது. பூவை உதறிவிட்டு எடு.

வீட்டில்தான் சரியில்லை. அத்தை பழையபடி அந்தக் காலி இடத்தை மெழுகினார்கள். முன்னே மெழுகியது வேறு, இப்போது மெழுகியது வேறு. வந்தவளை நாமே அனுப்பிவிட்டோமோ என்று ஒரு நாள் என்னைக் கேட்டார்கள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. குழாயடியில் சொம்பிடம் மட்டும், கறுப்புக் கல் தொலைந்தது, கருவாட்டைச் சொல்லி அத்தையை மடக்கியது எல்லாவற்றையும் சொன்னேன்; மாமி சமையற்கட்டில் இருந்தார்.

மழைக்காலம் ஆரம்பிக்கிற சமயம். ஐயா ஷிப்ட் முடிந்து வந்தவர் நேராகக் குழாயடிக்கு வந்தார். நான் பதறி எழுந்து நின்றேன். ஒரு பழைய துணியில் சுற்றிய எதையோ துவைக்கிற கல்லின் மேல் வைத்தார். பிரித்தேன். கறுப்பாக, உருண்டையாக, கனமாக ஒரு கல்.

"உங்க ஊர் இருந்த பக்கம் இப்ப வெட்டறா. கரிக்கு நடுவுல இருந்தது. கரி இல்லை, கல்லுதான், விளக்குப் பக்கத்துல வச்சா பத்திக்காது" என்றார். என்னிடம்தான். சொம்பிடம் இல்லை. உள்ளே போகத் திரும்பியவர் நின்று, "உங்க மாமியார்ட்ட சொல்லு, இது சைவம் இல்லைன்னு" என்றார்.

அத்தை அந்தக் கல்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள். சொன்னேன். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து மூடிக்கொண்டார்கள்.

"பாத்தியாடி பச்ச, அவ எங்கியும் அலையல. வெயில்கூடப் படல. நம்ம ஊர்லியே, உள்ளயே படுத்துக்கினு இருந்திருக்கா."

அன்றைக்குப் பூ கேட்கவில்லை. குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, காலி இடத்தில் உட்கார வைத்தார்கள். நான் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். படைக்கிற குழம்பு, ருசி பார்க்கவில்லை. படையல் முடிந்து அத்தை ஒரு வாய் எடுத்து வைத்ததும் முகம் போன போக்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கருவாட்டுத் தலையை இலையின் அந்தப் பக்கமாக, கல்லுக்கு எதிரே நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்கள்.

"கொஞ்சம் உப்புதான். துன்னு சின்னவளே, பழகிப்பூடும்."